வெளியாள் தொட்ட பந்து

புதுச்சேரி
8-2-1959

நெய்வேலியில் பூமாதேவியின் வயிற்றைத் தோண்டிக் கரி தேடிக்கொண்டிருக்கும் திருவாளர் பாவாடை அவர்கள் சமூகத்துக்கு,

புதுவை நகர மக்கள் சார்பில் ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், நமது தட்சிணாமூர்த்தியின் சைக்கிள் மணி, வியாழக்கிழமை மாலை பெரிய மார்க்கெட் எதிரில் இறைவனடி சேர்ந்தது. பிரேக், விளக்கு, மட்கார்டு முதலான நெருங்கிய உறவினர்கள் முன்பே போய்விட்டபடியால் செயின் ஒன்றுதான் கூட இருந்து அழுதது. இப்போது அவன் வாயாலேயே கிணிகிணி என்று கத்திக்கொண்டு போகிறான். சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தி, "மணி எங்கடா?" என்று கேட்டாராம். "நாலே கால் சார்" என்றானாம். பதில் அடியேன் சொல்லிக்கொடுத்தது. அடி அவன் வாங்கியது.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல நோணாங்குப்பம் போனோம். நீ இல்லாததால் எதிர்காற்றை யார் வாங்குவது என்று பெரிய வழக்கு. மைல் கல்லுக்கு மைல் கல் முன்னால் போகிற ஆள் மாற வேண்டும் என்பது நம் சட்டம்தான். ஆனால் நீ இருந்தவரை சட்டம் சட்டமாக இருந்தது, நீ முன்னால் இருந்தாய், நாங்கள் உன் முதுகுக்குப் பின்னால் மல்லாட்டை தின்றுகொண்டு வந்தோம். இப்போது பாலகுருவுக்கும் எனக்கும் மூச்சு வாங்குகிறது. முதலில் போய்ச் சேர்கிறவன்தான் எல்லாருக்கும் டீ வாங்க வேண்டும் என்ற சட்டம் மட்டும் உயிரோடு இருக்கிறது. டீக்கடை கண்ணில் பட்டதும் மூன்று பேருக்கும் ஒரே சமயத்தில் செயின் கழன்றது. அரைமணி நேரம் ரோட்டோரம் உட்கார்ந்து, கழலாத செயினை மாட்டிக்கொண்டிருந்தோம்.

இனி முக்கியச் செய்தி. உட்கார்ந்துகொண்டு படி. மில் மைதானத்தில் நடந்த கோல்ஃப் ஆட்டத்தில் கோப்பை எனக்குத்தான். நீ பஸ் ஏறின பிறகுதான் கையில் கொடுத்தார்கள். சொம்பு அளவுக்குப் பெரிது என்று சொன்னால் பொய். முட்டை வைக்கிற அளவு. ஆனாலும் வெள்ளி முலாம் பூசியது. அப்பா மேரியில், அந்த நகராட்சி ஆபீசில், சக குமாஸ்தாக்களிடம் எல்லாம் சொல்லிவிட்டார். பாதிப் பேர் அதை ஹாக்கி என்று நினைத்துக்கொண்டு வாழ்த்தினார்களாம்.

சக்கரபாணியை உனக்குத் தெரியும், மதராசிலிருந்து மாற்றலாகி வந்த அதிகாரியின் மகன், என் வகுப்பு. அவனுக்கு ஜோடிக்கு ஆள் இல்லை என்று என்னை இழுத்துப் போனானே, அதில் ஆரம்பித்த வினை. இரண்டு மாதமாக ஞாயிறு காலை சைக்கிளும் மாலை கோல்ஃபுமாக இரட்டைக் குடித்தனம் நடத்துகிறேன். அதனால் இரண்டையும் ஒப்பிட்டுச் சொல்ல இந்த ஊரில் என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது.

நம் கூட்டத்தில் சேர ஒரு சைக்கிள் போதும். சொந்தமோ, வாடகையோ, பின்சீட்டோ, யாரும் கேட்பதில்லை. அங்கே சேர யாராவது ஒருவர் கையைப் பிடித்து, இவர் இன்னாருடைய நண்பர் என்று சொல்ல வேண்டும். பிறகு வெள்ளைக் கால்சட்டை. என்னுடையது சக்கரபாணியினுடையது. இடுப்பில் கயிறு கட்டி, மேலே சட்டையைத் தொங்கவிட்டிருக்கிறேன். நம்மில் வாயை மூடினவன் செத்தவன். அங்கே ஒருவர் தடியை ஓங்கினால் காக்காய்கூடக் கரையக் கூடாது. நீ பள்ளத்தில் விழுந்தால் நாங்கள் வயிறு நோகச் சிரித்துவிட்டு, பிறகு எல்லாருமாக இறங்கித் தூக்குவோம். அங்கே ஒருவர் பந்தைக் குட்டையில் போட்டுவிட்டால் யாரும் சிரிப்பதில்லை. மில் மேனேஜர் துரை "பர்தோன்" என்பார், சக்கரபாணி "சாரி" என்பான், இழவு வீடு மாதிரி தலையைக் குனிந்துகொள்வார்கள். ஆனால் ஒருத்தரும் குட்டையில் இறங்கமாட்டார்கள். மில் தோட்டக்காரர் அம்மாவாசை இறங்குவார்.

குழியைச் சுற்றி இருக்கிற இடத்துக்குப் பச்சை என்று பெயர். எண்ணெய் ஊற்றிய மணல், கன்னங்கரேல் என்று இருக்கும். நானும் ஒன்றும் சொல்வதில்லை, அது அங்கே மரியாதை இல்லை.

எல்லாவற்றையும்விட ஆச்சரியம், அங்கே அவரவர் அடித்த அடியை அவரவரே எண்ணிச் சொல்ல வேண்டும். ஆறு என்றால் ஆறு. மறுபேச்சு கிடையாது. நம்மிடம் வந்து ஒருத்தன், வில்லியனூருக்குக் கால் மணியில் போனேன் என்று சொல்லட்டும். "எந்த லாரியப் புடிச்சிக்கிட்டு?" என்றுதானே கேட்போம்.

நீ வேலிக்கு வெளியே சைக்கிளோடு நின்று பார்த்தாயே, அந்த ஆட்டம்தான் கோப்பை ஆட்டம். நான் அடித்ததும் நீ கை தட்டினாய். அங்கே கை தட்டக் கூடாதடா. எல்லாத் தலையும் வேலிப்பக்கம் திரும்பியது. போகட்டும், உனக்கு எப்படித் தெரியும்.

மில் ஒர்க்ஷாப்பில் உனக்கு இடம் இல்லை என்று காவல்காரன் சொன்னது பற்றி எழுதியிருந்தாய். இந்த வருஷம் ஆள் எடுக்கவில்லை போலிருக்கிறது. எனக்கும் சரியாகத் தெரியாது. உன் மாமாவையும் நெய்வேலிக் கரியையும் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
கோப்பை கொண்ட கோமகன்,
தணிகாசலம்

•

புதுச்சேரி
8-3-1959

அன்புள்ள பாவாடைக்கு,

உன் கார்டு கிடைத்தது. நீ என் கடிதத்தை ஷெட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டியிருக்க வேண்டாம். "எங்கூட சைக்கிள் ஓட்டினவன் தொரைங்களோட ஆடி கோப்பை வாங்கியிருக்கான்" என்று நீ பெருமையடித்ததாகவும், விழுப்புரத்துக்காரர் ஒருவர் அதற்காக உனக்குப் பீடி கொடுத்ததாகவும் எழுதியிருந்தாய். நீ பீடி பிடிப்பதில்லையே. அவரிடம் திருப்பிக் கொடுத்துவிடு.

தள்ளுவண்டியில் நசுங்கிய விரல் ஆறியதா? நகம் விழுந்தால் முளைக்கும் என்கிறார்கள். புண்ணில் மண் படாமல் துணி சுற்றிக்கொள்.

மாசி மகத்துக்கு நீ வருவாய் என்று நினைத்தோம். கடற்கரையில் சாமிகள் எல்லாம் வரிசையாக வந்து இறங்கின. குருசுக்குப்பத்துப் பையன்கள் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். உன் இடத்தில் வேறு யாரோ நின்றான், உயரம் பத்தாமல் பல்லக்கு ஒரு பக்கம் சாய்ந்தே போயிற்று. தட்சிணாமூர்த்தி, "சாமிக்கே ஒத்தப் பக்கமா காத்து அடிக்குது" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. லீவு கேட்டால் வேலை போய்விடும் என்று நீ எழுதியதைப் பிறகுதான் படித்தேன்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். நான் இப்போது மேனேஜரோடு பக்கத்தில் பக்கத்தில் நடக்கிறவன் ஆகையால், உனக்காக ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்கிறாய். போன ஜூலை மாதம் பதினாலாம் தேதி சைக்கிள் ரேசில் நீ முதலாவதாக வந்தபோது அவரே முதுகில் தட்டி, "தைக்கு அப்புறம் ஒர்க்ஷாப்புக்கு வா" என்று சொன்னதை நினைவுபடுத்தச் சொல்கிறாய். அம்மா தனியாக இருக்கிறாள், ராத்திரியில் யாரும் இல்லை, வேறு யாரிடம் கேட்பேன் என்கிறாய். எல்லாம் நியாயம்தான்.

ஆனால் அங்கே ஆட்டத்தின் நடுவில் வேலை கேட்கக் கூடாது. அது பழக்கமில்லை. இதை பாலகுருவிடம் சொன்னதற்கு அவன் பிடித்துக்கொண்டுவிட்டான். "ரெண்டு மணி நேரம் கூடவே நடக்கற. பாவாடைக்கு ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா?" என்றான். அங்கே சொந்த விஷயம் பேசமாட்டார்கள் என்றேன். "அப்ப இன்னாதான்டா பேசுவீங்க?" என்றான். வானிலை என்றேன். "மழையே இல்லாத மாசத்துல வானிலைய எவ்ளோ நேரம்டா பேசுவீங்க?" என்று கேட்டான். நம் கூட்டத்தில் எதையும் கேட்டுவிடலாம். மூச்சு வாங்க ஏறிக்கொண்டே, அக்காள் கல்யாணம் முதல் அடகுக் கடை வரை கேட்போம். பதில் சொல்லாதவனைச் சாக்கடையில் தள்ளுவோம். அங்கே பெரிய மனிதர்கள் ஒருவருக்கொருவர் காரியம் முடித்துக்கொள்வதும் நடக்கத்தான் நடக்கிறது. ஆனால் அது எந்தக் குழிக்கும் எந்தக் குழிக்கும் நடுவில் நடக்கிறது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

பெரிய மார்க்கெட்டில் உன் அம்மாவைப் பார்த்தேன். பார்க்காமல் போய்விடலாம் என்று கறிகாய்ப் பக்கமாகத் திரும்பினேன். அஞ்சலாட்சி அம்மா குரல் உனக்குத் தெரியாததா, மீன் கடைகளைத் தாண்டி வந்து பிடித்தது. "தம்பி, நீ தடி புடிச்சி ஆடற எடத்துல எம் புள்ளைக்கு ஒரு வார்த்த சொல்லுய்யா" என்றார்கள். வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல் சங்கரா மீனை இலையில் கட்டிக் கையில் திணித்தார்கள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "சொல்லிட்டேம்மா, பாக்கறேன்னாரு" என்று சொல்லிவிட்டேன். உன் அம்மா கையை எடுத்துக் கும்பிட்டார்கள்.

ஆகையால் நான் சொன்னதாகவே நீயும் வைத்துக்கொள். நடக்கும்போது நடக்கும். அவரும் பல வேலை உள்ள மனிதர்.

விரலைக் கவனி. வெந்நீர் ஊற்று.

உன் நண்பன்,
தணிகாசலம்

•

புதுச்சேரி
5-4-1959

பாவாடை,

இந்தத் தடவை பட்டம் ஒன்றும் போடவில்லை.

நான் சொன்னதாகவே வைத்துக்கொண்டு, "நீ ஒரு வார்த்தை சொன்னதே போதும், இனிமேல் உனக்குச் சிரமம் வேண்டாம்" என்று எழுதியிருக்கிறாய். அந்தக் கார்டை எங்கள் அம்மா கையிலிருந்து வாங்கிப் படித்தேன். அதற்கு இரண்டு நாள் முன்பு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் சொன்னதை நம்பி உன் அம்மா மில் கேட்டுக்குப் போயிருக்கிறார்கள். மேனேஜர் வெளியே வரும்போது பார்த்து நன்றி சொல்ல வேண்டும் என்று, கூடையை இறக்கி வைத்துவிட்டு உச்சி வெயிலில் நின்றிருக்கிறார்கள். காவல்காரன் விரட்டியிருக்கிறான். "வேலி தாண்டி வந்து பந்தத் தொடற பையனுக்கு மில்லுல வேலயா? போம்மா" என்றானாம். அங்கிருந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். வாசலோடு நின்றுகொண்டார்கள், உள்ளே வரவில்லை. "எம் புள்ள எந்த வேலியத் தாண்டனான் தம்பி? அவன் அப்பிடிப்பட்டவன் இல்லியே. உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்கள்.

தெரியாது என்றேன்.

அது இரண்டாவது தடவை. முதல் தடவை எங்கே என்று சொல்கிறேன்.

கோப்பை ஆட்டத்தன்று நீ வேலிக்கு வெளியேதான் நின்றாய். உள்ளே ஒரு காலும் வைக்கவில்லை. வரச்சொன்னவனும் நான்தான். "வந்து பாருடா, நான் ஆடறத" என்று நோணாங்குப்பத்திலிருந்து திரும்பும்போது உன்னிடம் பீற்றிக்கொண்டேன். கடைசிக் குழிக்கு முந்தின குழியில் என் பந்து காரைப்புதருக்குள் போய்விட்டது. மற்றவர்கள் வந்து சேருவதற்கு முன் நான் போய்ப் பார்த்தேன். முள்ளுக்கு அடியில் கிடந்தது. அங்கிருந்து அடிக்கவே முடியாது. காலால் தள்ளினேன். அம்மாவாசை மட்டும் பக்கத்தில் இருந்தார். என் காலைப் பார்த்தார், அப்புறம் வானத்தைப் பார்த்தார். அவருக்கும் மில்லில் வேலை.

சக்கரபாணி வந்து, "புதருக்குள்ள இல்ல விழுந்தது? வெளியில கிடக்குது?" என்றான். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, சும்மாதான் கேட்டான். காலால் தள்ளினேன் என்று சொல்லியிருந்தால் ஒரு அடி கூட்டிக்கொள்வார்கள், பந்தைத் திரும்ப முள்ளில் வைக்கச் சொல்வார்கள், அவ்வளவுதான். அதற்குள் மேனேஜரும் வந்துவிட்டார். எனக்கு வாயில் என்ன வந்தது தெரியுமா? "குப்பத்துப் பையன் ஒருத்தன் வேலி தாண்டி வந்து தொட்டுட்டு ஓடினான் சார்" என்றேன்.

அதற்கு அங்கே ஒரு விதி இருக்கிறது. வெளியாள் தொட்டுப் பந்து நகர்ந்தால் ஆட்டக்காரன்மேல் குற்றமில்லை. பழைய இடத்தில் வைத்து ஆடலாம். எங்கே இருந்தது என்று கேட்டார்கள். முள்ளைக் காட்டவில்லை. நான் தள்ளின இடத்தைவிட நல்ல இடமாகக் காட்டினேன். ஒருத்தரும் மறுத்துப் பேசவில்லை. வைத்தேன், அடித்தேன். பந்து போய் அந்தக் கறுப்புப் பச்சையில் நின்றது.

அப்போதுதான் நீ கை தட்டினாய்.

எல்லாரும் திரும்பினார்கள். நீ கையை ஆட்டி, "தணிகா" என்று கூப்பிட்டாய். மேனேஜர் உன்னை அடையாளம் கண்டுகொண்டார். "போன வருஷம் ரேஸ்ல ஜெயிச்ச பையன் இல்ல? இவனையா ஒர்க்ஷாப்புக்கு வரச்சொன்னேன்" என்று வருத்தமாகத்தான் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, உனக்குத் தெரிந்தவனா என்று கேட்டார்.

தெரியாது என்றேன். இதுதான் முதல் தடவை.

நான் ஒரே ஒரு அடியில் ஜெயித்தேன். மறுவாரம் நீ மில்லுக்குப் போனாய். காவல்காரன் உன்னைத் திருப்பி அனுப்பினான். நீ உன் மாமாவோடு நெய்வேலிக்குப் பஸ் ஏறினாய். நான் பஸ் ஸ்டாண்டு வரை வந்து உன் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன்.

மேனேஜர் கெட்டவர் இல்லை பாவாடை. அங்கே ஆட்டக்காரன் சொன்னால் அது சத்தியம். அப்படி நம்புவதுதான் அவர்களுடைய ஆட்டமே. ஆனால் அந்த நம்பிக்கை வேலியோடு நின்றுவிடுகிறது. உன்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. நம் கூட்டத்தில் ஒருத்தன் சொல்லை ஒருத்தன் நம்பினதே இல்லை. நான் நேரம் சொன்னால் வெயிலை அண்ணாந்து பார்ப்பீர்கள். ஆனாலும் பஞ்சர் ஆனவனை விட்டுவிட்டு யாரும் போனதில்லை. போனவன் நான் ஒருத்தன்.

நீ படித்துச் சந்தோஷப்படும்படி இதையும் எழுதுகிறேன். நேற்று நான் எல்லாவற்றையும் சரி செய்துவிட்டேன். மேனேஜருக்குப் பிரெஞ்சில் இரண்டு பக்கம் எழுதினேன். காலால் தள்ளினது, உன்மேல் பழி போட்டது, நீ என் நண்பன் என்பது எல்லாம் எழுதித் தபாலில் போட்டேன். கோப்பையைக் கொண்டுபோய் மைதானத்து மேசைமேல் டொக்கென்று வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வந்தேன். தட்சிணாமூர்த்தியிடமும் பாலகுருவிடமும் டீக்கடையில் எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன். உன் அம்மா வீட்டுக்கும் போனேன்.

இவ்வளவையும் எழுதிவிட்டு ஒருமுறை படித்துப் பார்த்தேன். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது.

கோப்பை வீட்டில்தான் இருக்கிறது. அப்பா சாமி மாடத்தில் வைத்திருக்கிறார், தினமும் அம்மா அதற்கும் சேர்த்துக் குங்குமம் வைக்கிறாள். எடுத்தால் ஏன் என்று கேட்பார்கள். டீக்கடைக்குப் போனது உண்மை. டீ குடித்தேன், அவர்கள் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வந்தேன். குருசுக்குப்பம் முனை வரை சைக்கிளில் போனேன். உன் அம்மா வாசலில் வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கருவாடு திருப்பிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்துவிட்டேன்.

மேனேஜருக்கு எழுதினது மட்டும் பொய் இல்லை. பிரெஞ்சில் தப்பு இருக்கும், விஷயத்தில் தப்பு இல்லை. ஆனால் தபாலில் போடவில்லை. நேற்றும் அதற்கு முன்தினமும் தபாலாபீஸ் வரை போனேன். பெட்டியின் வாயில் பாதி நுழைத்துவிட்டு எடுத்துக்கொண்டேன். வியர்வையில் உறை நைந்து, ஒட்டின தபால்தலை ஒரு ஓரம் பிய்ந்திருக்கிறது. இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது.

அதனால் ஒன்று செய்யப் போகிறேன். இந்தக் கடிதத்தையும் அதையும் ஒன்றின்மேல் ஒன்றாக ஒரே கையில் பிடித்துக்கொண்டு போகிறேன். விட்டால் இரண்டும் சேர்ந்துதான் விழும். இது உன் கைக்கு வந்திருந்தால் அதுவும் போய்விட்டது என்று தெரிந்துகொள்.

என்னை மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. நீ வந்தால் என்னைப் பார்க்காமலே போ, தெருவில் கண்டால் தெரியாது என்று சொல், சரிதான். ஆனால் வந்து அம்மாவைப் பார். வேலி எதையும் தாண்டவில்லை என்று நீ உன் வாயால் சொல்லும்வரை அவர்கள் யாரிடமும் அதைப் பற்றிப் பேசாமல் இருக்கிறார்கள்.

மேரி குமாஸ்தா இராமலிங்கம் மகன்
தணிகாசலம்